மடிப்புக் கலையாத விரிப்பு

கலா ப்ரூனா, மயோர்க்கா
பிப்ரவரி 8, 1982

அன்புள்ள தமியான் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் கொலோமா எழுதுவது. இங்கே நான் சுகம், பூனை சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு அன்னப்பறவை வலி. குளிர்காலம் முழுக்க அந்த அன்னப்பறவை மிதிபடகுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். கோடையில் ஜெர்மன்காரர்கள் ஏறி மிதிக்க வேண்டுமே. பார்சிலோனாவில் உங்களுக்கு இருமல் விட்டதா? துப்பறியும் நாவல் எழுதுகிறவர் இருமக் கூடாது மாமா, கொலைகாரன் உஷாராகிவிடுவான்.

ஆறாவது கராவ் கதையின் முதல் அத்தியாயங்கள் வந்து சேர்ந்தன. நம் கராவ் இந்த முறையும் துப்பு கெட்ட துப்பறிவாளராகவே ஆரம்பிக்கிறார், ரொம்ப சந்தோஷம். பென்சில் திருத்தங்களைப் பாருங்கள். பிப்ரவரியில் இங்கே அத்திப்பழம் ஏது? கராவ் வாதுமை தின்னட்டும். வடக்குக் காற்றில் பிணம் நம் கரைக்கு வராது, வெளிக்கடலுக்குத்தான் போகும்; கரைக்கு வந்தே ஆக வேண்டுமென்றால் காற்றை மாற்றுங்கள், இல்லையென்றால் பிணத்துக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பாதிரியார் நல்லவராக வருவதை மட்டும் நான் திருத்தவில்லை. கற்பனைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

உங்கள் மூன்றாவது புத்தகத்தில் கொலை நடந்த இடம் என்று சொல்லி போன வாரம் இரண்டு ஜெர்மன் கிழவிகளுக்குப் பாதிரியாரின் கோழிக்கூண்டைக் காட்டினேன். புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். கோழிகள் சாட்சி சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கதையில் புகையிலைக் கடத்தல் வருகிறதே, இது நம் வீட்டுக் கதைதானே? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் காதைத் திருகுங்கள். அப்பாவும் விரிப்பு கோஸ்மேயும் கூட்டாளிகள். அப்பா படகில் போய்ச் சரக்கை ஏற்றி வருவார். கோஸ்மே மலைமேல் நின்று காவல்படை வருகிறதா என்று பார்த்துவிட்டு, வழி சுத்தமென்றால் பொழுது சாயும்போது தன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவான். விரிப்பு இருந்தால் வா, இல்லையென்றால் கடலிலேயே கிட. ஒருநாள் விரிப்பு தொங்கியது, ஊரே பார்த்தது. அப்பா கரையேறினார். பாறைக்குப் பின்னாலிருந்து காவல்படையும் எழுந்தது. படகு போச்சு, மூன்று வருடம் சிறை, நான் அப்போது அம்மா வயிற்றில். காவல்படையைப் பார்த்ததாகவும், அதனால் விரிப்பே போடவில்லை என்றும் கோஸ்மே இன்றுவரை சாதிக்கிறான். நம்ப யார் இருக்கிறார்கள்? காப்பிக்கடைக்குள் அவன் காலடி வைத்து என் வயசு ஆகிறது. முடிவெட்டும் மத்தேவ் சனிக்கிழமைகளில் அங்கே உங்கள் கதையைச் சத்தமாக வாசிக்கும்போதுகூட ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்பான். சின்னப் பயல்கள் அவனைப் பார்த்ததும் கைக்குட்டையைக் கொடிபோல ஆட்டுவார்கள். அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்காதீர்கள்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? நான் பிழை பார்ப்பேன், நீங்கள் செப்டம்பரில் என்னை பார்சிலோனாவுக்கு அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்க வைப்பீர்கள். இல்லையென்றால் நானும் அன்னப்பறவைக்கு வெள்ளையடித்துக் கிழவியாவேன்.

உங்கள் இருமலுக்கு முத்தங்கள்.
கொலோமா

*

பார்சிலோனா
பிப்ரவரி 26, 1982

என் அருமைக் குட்டிச்சாத்தானுக்கு,

இருமல் நலம். நான் சுமார். உன் திருத்தங்களைப் பார்த்துவிட்டு, பிணத்தை வேறு கடலில் போட்டுவிட்டேன்.

நம் வீட்டுக் கதைதான், கண்டுபிடித்துவிட்டாய். எழுதுகிறவன் முதலில் திருடுவது சொந்த வீட்டில்தானே. ஆனால் உங்கள் ஊர்போல் என் கதையில் காட்டிக்கொடுத்தவன் ஜன்னலோரம் நின்று கதை கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். கடைசி அத்தியாயத்தில் அவனுக்குத் தக்க கூலி உண்டு. எப்படி என்று உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஐந்து அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். போன புத்தகம்போலவே இதிலும் அச்சுத்தாள்களில் கடைசித் திருத்தம் உன் கையால்தான். பதிப்பகத்தில் சொல்லிவிட்டேன், நீ நேராக அச்சகத்துக்கே அனுப்பலாம். தீவைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்கு மறந்துபோய்விட்டது.

உன் அறைக்குக் கட்டில் வாங்கியாயிற்று. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கிளி கெட்ட வார்த்தை பேசும். உனக்குப் பொருத்தமான துணை.

அக்காவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். அத்தானுக்கும் என் அன்பு.
தமியான்

*

கலா ப்ரூனா
மார்ச் 14, 1982

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதும்படி அம்மா சொல்கிறாள். எழுதிவிட்டேன். உண்மையில் அப்பா கைக்குள் வெள்ளைச் சாயம் போய்ச் சொறிகிறது, பூனை கர்ப்பம், எனக்குக் கணக்கில் பூஜ்யம். கிளி சுகமா?

ஒன்பதாம் அத்தியாயம்! மாமா, கராவ் வரிசையிலேயே இதுதான் உச்சம். ஏமாற்றிவிட்டீர்களே! மாடிக்காரன்தான் துரோகி என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, விரிப்பைப் போட்டவன் படகுக்காரனின் மச்சினன்! வாதுமை உடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டினேன்:

"அவன் அக்காவின் சீர்ப்பெட்டியைத் திறந்தான். பன்னிரண்டு விரிப்புகள், ஒன்றுகூட உடம்பு படாதவை. மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு பக்கத்து மாடிக்குத் தாண்டினான். உதறிப் போட்டபோதும் மடிப்புகள் கலையவில்லை. மாலை வெயிலில் அவை சிறைக் கம்பிகள்போல் கட்டம் கட்டமாக நின்றன. அதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது."

அம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நல்ல எழுத்தென்றால் அப்படித்தான்.

ஒரே ஒரு பிழை. ஓர் அக்கா தன் சீர்ப்பெட்டியில் தம்பியைக் கை வைக்க விடுவாளா? நம் அம்மா என்றால் விரலை எண்ணித் திருப்பிக் கொடுப்பாள். வேடிக்கை தெரியுமா, அம்மாவின் பெட்டியிலும் ஒன்று குறைவு! கல்யாணத்துக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்துப் பன்னிரண்டு என்று எண்ணிவிட்டுப் போனார்களாம். இப்போது பதினொன்றுதான். துவைக்கும் துறையில் யாராவது கேட்டால், "காத்து அல்ஜியர்ஸுக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பாள். உங்கள் கதையிலும் காற்றின் மேல் பழி போடலாம். காற்று வழக்குப் போடாது.

கிளிக்கு என் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.
கொலோமா

*

கலா ப்ரூனா
ஏப்ரல் 20, 1982

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா என்று கேட்பதற்கு முன், உயிரோடு இருக்கிறீர்களா? போன மாதம் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. கடிதம் கடலில் விழுந்ததா, கிளி தின்றதா? கிளியைச் சந்தேகிக்கிறேன். கராவை அனுப்பிவைக்கவும்.

பூனை நான்கு குட்டி போட்டது. ஒன்றுக்குத் தமியான் என்று பேர். சாப்பிட மட்டும் வருகிறது.

அத்தியாயம் பத்து எங்கே?
கொலோமா

*

பார்சிலோனா
மே 2, 1982

அன்புள்ள கொலோமாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் பள்ளி விஷயமாக ஒருவரிடம் பேசினேன், இடம் கிடைத்த மாதிரிதான். உனக்காக ஒரு சின்னத் தட்டச்சு இயந்திரம் பார்த்து வைத்திருக்கிறேன், சிவப்பு நிறம். வந்ததும் உன்னுடையது.

அச்சுத்தாள்கள் ஜூலையில் உனக்கு வரும். ஒன்பதாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய். விரிப்பு வேண்டாம், லாந்தர் விளக்கு என்று போடு. சீர்ப்பெட்டி வரும் வரிகளை அடித்துவிடு. கதை ஓட்டத்தைத் தடுக்கிறது. அத்தியாயங்களை வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டாம். புத்தகமாக வரும்போது சுவை போய்விடும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.
தமியான்

*

கலா ப்ரூனா
மே 9, 1982

தம்பி தமியானுக்கு அக்கா போலோனியா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

பெண் ஒன்பதாவதை வாசித்துக் காட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

இத்தனை வருடத்தில் நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. என்னைக் கேட்க வைக்காதே.

பெட்டியில் கீழே இருந்ததை எடுத்திருக்கலாம். மேலே இருந்தது அம்மா கடைசியாகத் தைத்தது.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளாதே.
அக்கா

*

கலா ப்ரூனா
மே 23, 1982

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இந்த முறை நலம் விசாரிப்புகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். கேள்விகள் அதிகம்.

லாந்தர் விளக்கா? மாமா, உங்கள் ஆறு புத்தகத்தில் அந்த விரிப்பு மாதிரி ஒரு துண்டு கிடையாது. கொலைகாரன் தப்பிக்கலாம், நல்ல வரி தப்பிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். அதை நீங்களே அடிக்கச் சொல்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லாமல் இருந்துவிட்டு, தட்டச்சு இயந்திரம் ஒன்றையும் நீட்டிவிட்டுச் சொல்கிறீர்கள். கராவ் எவ்வளவு மக்காக இருந்தாலும் இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார்.

நானும் சொறிந்தேன். அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, அந்தப் பன்னெண்டாவது விரிப்பு எப்ப காணாமப் போச்சு?"

"உனக்கெதுக்குடி அதெல்லாம்? போய்க் கணக்குப் போடு."

"கணக்குத்தாம்மா போடுறேன். பன்னெண்டுல ஒண்ணு போனா?"

மாமா, அம்மா என்னை அடித்தாள். நான் பாதிரியாரின் ஒயினில் வினிகர் கலந்தபோதுகூட அவள் என்னை அடித்ததில்லை.

நம் மாடிக்கும் கோஸ்மேயின் மாடிக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். நான் ஏறித் தாண்டிப் பார்த்தேன். சுலபம். அன்று நீங்கள் பால்மா நகரத்தில் பல் பிடுங்கப் போயிருந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த வாரமே பார்சிலோனாவுக்குக் கப்பலேறினீர்கள். அத்தானுக்கு நேர்ந்ததைத் தாங்க முடியாமல் போனதாக ஊர் இன்னமும் உச்சுக்கொட்டுகிறது. ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.

எது பிடுங்கப்பட்டது மாமா, எந்தப் பல்?

நான் கிறுக்கி என்று எழுதுங்கள். கற்பனைக் கழுதை என்று திட்டுங்கள். விளக்கென்ன, கலங்கரை விளக்கமே போடுகிறேன். எழுதுங்கள், போதும்.

கொலோமா

*

பார்சிலோனா
ஜூன் 18, 1982

கொலோமாவுக்கு,

நகரம் முழுக்கக் கால்பந்துப் பைத்தியம். உலகக் கோப்பைக்காகத் தெருவெல்லாம் கொடி. எனக்குத் தூக்கம் இல்லை. மற்றபடி நலம்.

நீ கிறுக்கி இல்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது. சர்வாதிகாரிக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களோடு பால்மாவில் மாட்டிக்கொண்டேன். ஓர் அறை, ஒரு மேசை, அதன் மேல் என் பிரசுரங்கள். எதிரே இருந்த ஆள் கத்தவில்லை, அடிக்கவில்லை. காப்பி வரவழைத்தான். "உங்க ஊர்ல புகையிலை நல்லா விளையுதாமே" என்றான். நம் ஊரில் புகையிலை விளையாது என்று அவனுக்கும் தெரியும். காகிதத்தில் நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். என்னை விட்டுவிட்டார்கள். என் நண்பர்கள் ஏழெட்டு வருடம் உள்ளே கிடந்தார்கள். ஒருவன் வெளியே வரவே இல்லை.

ஏன் எழுதினேன் என்று கேட்பாய். அத்தனை வருடம் ஒன்றைச் சொல்லாமலே வைத்திருந்தால் அது நடந்ததா, தான் புனைந்ததா என்று எழுதுகிறவனுக்கே குழம்பிவிடும். அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது. உன் கடிதம் வந்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று திரும்ப எடுத்து வாசித்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கராவின் தொப்பியை மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பதற்கு முன், உன் அப்பாவிடம் போ. இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று கேள்.

தமியான்

*

கலா ப்ரூனா
ஜூலை 6, 1982

மாமாவுக்கு,

இங்கே வெயில். மற்றதை நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் திரிந்தேன். பிறகு கரைக்குப் போனேன். அப்பா ஓர் அன்னத்தைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றில் ஒட்டிய பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களைப் பிடிச்ச அன்னைக்கு அந்த விரிப்பு எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா இருந்துச்சு."

"விரிப்புன்னா வெள்ளைதானே?"

"கோஸ்மே வீட்டு விரிப்பு வெள்ளை இல்ல. இன்ஜின் ஆயில் கறை பட்டது. பாதி மஞ்சள், பாதி கறுப்பு." சுரண்டுவதை அவர் நிறுத்தவே இல்லை. "அன்னைக்குப் பார்த்தப்போ, பய புது விரிப்பு வாங்கிட்டான் போலன்னு நினைச்சேன். மடிப்பெல்லாம் அப்படியே தெரிஞ்சுது."

"அப்ப கோஸ்மே இல்லன்னு அன்னைக்கே தெரியுமா?"

"கையில விலங்கு மாட்டுறப்பவே தெரியும்."

"மாமான்னு?"

கத்தியை அன்னத்தின் வயிற்றின் மேல் வைத்தார். "அது ஜெயில்ல தெரிஞ்சுது. உங்கம்மா மாசாமாசம் பார்க்க வந்தா. ஊரே கோஸ்மேவைக் கரிச்சுக்கொட்டுது. அவ ஒரு தடவைகூடத் திட்டல."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு?"

"எதுக்கா? என்னப்பா பேசுறீங்க! ஒரு மனுஷனை இந்த ஊரு..."

"அவளுக்குக் கூடப்பொறந்தவன்னு ஒரே தம்பி, கொலோமா."

"கோஸ்மேவுக்கும் பேருன்னு ஒண்ணுதானேப்பா இருந்துச்சு?"

அப்பா கத்தியை எடுத்து மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

மாமா, நீங்கள் செய்தது ஒரு சாயங்காலம். என் வீட்டில் அதைத் தினமும் செய்திருக்கிறார்கள், ரொட்டியில் தக்காளி தேய்த்துக்கொண்டே. நான் கோஸ்மே மாதிரி நடந்து காட்டிக் கைக்குட்டையை ஆட்டும்போதெல்லாம் இரண்டு பேரும் இதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சில சமயம் சிரித்தும் இருக்கிறாள். ஊரிலேயே பெரிய குறும்புக்காரி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே மூன்றாவது இடம்தான்.

கொலோமா

*

பார்சிலோனா
ஜூலை 20, 1982

அன்புள்ள கொலோமாவுக்கு,

நீ கோபமாக இருப்பாய். இருக்க வேண்டிய வயது. பார்சிலோனாவுக்கு வந்த பிறகு நேரில் பேசுவோம். நீ கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

இதோடு அச்சுத்தாள்கள் வருகின்றன. ஒன்பதாம் அத்தியாயத்தில் செய்ய வேண்டியது உனக்குத் தெரியும். விளக்கு. அவ்வளவுதான். பதிப்பகத்துக்கு நானே எழுதியிருக்கலாம். ஆனால் இந்த நேரத்தில் ஏன் மாற்றம் என்று கேட்பார்கள், அந்தப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். உன் வழக்கமான திருத்தங்களோடு போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உன் அம்மாவை நினைத்துக்கொள். அந்த ஊரில் வாழ வேண்டியவள் அவள்.

கப்பல் டிக்கெட்டையும் வைத்திருக்கிறேன். செப்டம்பர் பதினைந்து. பள்ளியில் இடம் உறுதியாகிவிட்டது.

உன் மாமா

*

கலா ப்ரூனா
ஆகஸ்ட் 3, 1982

மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அச்சுத்தாள்களை நேற்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். செய்ய வேண்டிய திருத்தங்கள் அனைத்தையும் செய்திருக்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் இன்னும் ஓர் அத்திப்பழம் ஒளிந்திருந்தது, பிடித்துவிட்டேன்.

டிக்கெட் கிடைத்தது.

கொலோமா

*

கலா ப்ரூனா
செப்டம்பர் 14, 1982

தமியான் அவர்களுக்கு,

உங்கள் தந்தி வந்தது. ஆம், விரிப்பை அப்படியே விட்டது வேண்டுமென்றேதான்.

என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கதையில் பாதி உங்களுடையது.

புத்தகம் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தது. சனிக்கிழமை காப்பிக்கடை நிறைந்துவிட்டது. மத்தேவ் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, பக்கத்து மேசைக்காரரின் மதுவில் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார். வழக்கம்போல இடைவேளை விட்டு விட்டு வாசித்ததில் ஒன்பதாம் அத்தியாயம் வரும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். அப்பா நடு மேசையில். நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில். கோஸ்மே ஜன்னலுக்கு வெளியே.

"அவன் அக்காவின் சீர்ப்பெட்டியைத் திறந்தான். பன்னிரண்டு விரிப்புகள்..."

கடைக்காரர் மனைவி கோப்பை கழுவிக்கொண்டே சிரித்தாள். "அடி ஆத்தே, நம்ம போலோனியா பெட்டியில ஒண்ணு குறையுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாளே, அது மாதிரில்ல..." என்றாள். பாதியில் நிறுத்திவிட்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

மத்தேவ் இன்னும் இரண்டு வரி வாசித்தார். பக்கத்து மாடி என்ற இடம் வந்ததும் அவர் குரல் இறங்கியது. ஒவ்வொரு தலையாக அப்பா பக்கம் திரும்பியது. உங்களைப் பற்றி அவர்கள் கேட்க வேண்டிய எல்லாக் கேள்விக்கும் அவர் முகத்திலேயே பதில் இருந்தது. அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தேவ் புத்தகத்தை மூடினார்.

அப்போது ஜன்னலிலிருந்து கோஸ்மேயின் குரல் வந்தது.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? படி. கடைசியில அவனுக்கு என்ன ஆகுதுன்னு தெரிய வேண்டாமா?"

மத்தேவால் முடியவில்லை. நான் போய் வாங்கி வாசித்தேன். கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். தக்க கூலி என்று எழுதியிருந்தீர்களே; கராவ் அவனை மன்னித்துவிடுகிறார். இருவரும் மூலிகை மது குடிக்கிறார்கள்.

வெளியே வந்தேன். கோஸ்மே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் என்னைக் கட்டிக்கொள்வார், அழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன், உண்மையைச் சொல்வதென்றால்.

"உன் வேலையா?" என்றார்.

"ஆமா."

"உங்கப்பனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். என் விரிப்பு எதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நீங்க ஊர்ல சொல்லல?"

"அவன் சொல்லுவான்னு பார்த்தேன்." புகையிலையைச் சுருட்டி முடித்துவிட்டு, பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார். "இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான். ஒருநாள் அவனா எங்க வீட்டுக் கதவைத் தட்டி, டேய் கோஸ்மே, எனக்கு அப்பவே தெரியும்டான்னு சொல்லுவான்னு. அதுக்காகத்தான் இந்த ஊர்லயே கிடந்தேன். இனிமே அவன் வந்தாலும் உன் புத்தகத்துக்குப் பயந்து வந்தான்னுதானே ஆகும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இரண்டு மூன்று பேர் கோஸ்மேயோடு கைகுலுக்கினார்கள். மத்தேவ் அவருக்குக் காசில்லாமல் முடிவெட்டுவதாகச் சொன்னார். கோஸ்மே தலையில் முடியே இல்லை. துவைக்கும் துறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் நின்று துவைப்பதில்லை. அம்மா என்னிடம் பேசுவதில்லை. தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

டிக்கெட்டை இதோடு அனுப்புகிறேன். நாளைய கப்பலில் நான் வரவில்லை. உங்கள் மேல் கோபத்தால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கிளியோடு வாழ எனக்கு இன்னமும் ஆசைதான். ராத்திரி சாப்பிட்டதும் அப்பா மொட்டைமாடிக்குப் போகிறார். அந்த இடுப்புயரச் சுவர் பக்கத்தில் நிற்கிறார். அந்தப் பக்கம் கோஸ்மே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருவரும் கடலையே பார்க்கிறார்கள். அப்பா ஒருநாள் வாயைத் திறந்தால், அது புத்தகத்துக்குப் பயந்து இல்லை என்று கோஸ்மேயிடம் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்து நான் காத்திருக்கிறேன்.

இன்று அப்பா செருமினார். அவ்வளவுதான்.

கொலோமா